பீரோவுக்கு அடியில் ஓர் ஆசீர்வாதம்

மேஸ்திரியின் மகள் மூன்றரை வயது வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுவாள், சிரிப்பாள், பிடிக்காததை ஊட்டினால் மூஞ்சியிலேயே துப்புவாள். பேச்சு மட்டும் கிடையாது. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கில் ஒரு குறையும் இல்லை, வரும்போது வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரும்போது வரும் என்று சொல்ல எதற்கய்யா ஒரு டாக்டர் என்று மேஸ்திரி கேட்டார். அவர் கேட்டதில் பாதியை இங்கே எழுத முடியாது. சபையே உபவாசமிருந்து பிள்ளைக்காக ஜெபம் பண்ணியது.

மேஸ்திரி என்றதும் வீடு கட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் வீடு மாற்றுகிறவர். ஒரு பழைய லாரி, கயிறு, பெல்ட், நாலைந்து கம்பளி, மூன்று ஆட்கள், இவ்வளவுதான் தொழில். ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குண்டு, மூன்றாவது ஆள் மேஸ்திரியின் சொந்த மச்சினன். இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு எந்த மாடியிலிருந்தும் எந்தச் சாமானையும் கீறல் இல்லாமல் இறக்கிவிடுவார். கீறல் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிள்ளைகளுக்காக ஜெபிக்கிற நேரம் வந்தது. போதகர் குனிந்து குழந்தையின் தலையில் கை வைத்தார். அவர் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்று மாட்டியிருந்தது. குழந்தை அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். கன்னத்தை ஆசையாகத் தடவினாள். பிறகு ஆலயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, பளிச்சென்று, ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னாள்.

"நாசமாப் போ."

பாடகர் குழுவிலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்!" என்று சொல்லிவிட்டார்கள்.

மேஸ்திரி பெஞ்சைத் தாண்டிக் குதித்தார். "பேசிட்டா! ஐயோ, எம்பொண்ணு பேசிட்டா!" பாதித் தூரம் ஓடிய பிறகுதான் அவள் என்ன பேசினாள் என்பது மண்டையில் ஏறியது. சொன்னது என்ன என்பதைவிடச் சொன்ன விதம்தான் அவரைக் கொன்றது. அந்த 'நா'வை ஒரு இழு இழுத்து 'போ'வில் தூக்கிப் போடுகிற ராகம் அவருடைய ராகம். சபையார் எல்லோரும் குழந்தையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். போதகர் மட்டும் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "கர்த்தர் நல்லவர். குழந்தை பேசிடுச்சு," என்றார். மனுஷன் அதற்கு மேல் என்ன சொல்வார், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரியின் மனைவி கதவைச் சாத்தினாள்.

"அவ காதுல இத்தனை நாளா என்ன விழுந்துச்சோ, அதுதானங்க வாய்ல வரும்? கொட்டினது யாரு?"

"நான் அவளை ஒரு நாளாவது அப்படிச் சொன்னேனா? லாரியைச் சொன்னேன். உன் தம்பியைச் சொன்னேன்."

"லாரி எது, என் தம்பி எது, பாஸ்டர் எதுன்னு அவளுக்கு என்ன தெரியும்? நீங்க ஆசையாத் தட்டிக் குடுக்கிறப்பவும் அதைத்தான சொல்றீங்க?"

அது உண்மை. மேஸ்திரிக்கு அன்பு வந்தாலும் அதே வார்த்தைதான், ஆத்திரம் வந்தாலும் அதே வார்த்தைதான். காலையில் லாரி ஒரே தடவையில் கிளம்பிவிட்டால், அதன் மூக்கைத் தட்டி "நாசமாப் போ" என்பார். கொஞ்சுகிறாராம்.

"இப்ப அவகிட்ட இருக்கிறது ஒரே ஒரு வார்த்தை," என்றாள் மனைவி. "அடுத்த வார்த்தையாவது நல்ல வார்த்தையா வரட்டும். இல்லன்னா இந்தப் பிள்ளைகிட்ட எந்தப் பிள்ளைங்க விளையாட வரும்? நாளைக்கு இவளைப் பார்த்து யாரு சிரிச்சுப் பேசுவாங்க? சொல்லுங்க."

மேஸ்திரி சமையலறை வாசலிலேயே முழங்கால் போட்டார். ஆண்டவரே, இனி இந்த வாயிலிருந்து ஒரு சாபம் வராது என்று பொருத்தனை பண்ணினார். எழுந்திருக்கும்போது மண்டை கதவுப்பிடியில் இடித்தது. 'நா' வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு முட்ட நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று முதல் வீட்டில் மேஸ்திரி ஊமை. சாபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவரிடம் மிச்சம் வார்த்தையே இல்லை, அதுதான் விஷயம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார். குழந்தை மடியில் ஏறினால் தலையை ஆட்டினார்.

வீட்டில் ஊமையாக இருந்துவிடலாம், வேலையில் முடியுமா? இங்கேதான் இவர்கள் தொழிலின் சூட்சுமம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படிக்கட்டில் பீரோவைத் தூக்கும்போது ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது. கீழே நிற்கிற மேஸ்திரியின் குரல்தான் கண். அவரோ 'தூக்கு', 'இறக்கு' என்று நல்ல பிள்ளையாகச் சொன்னதே இல்லை. "உருப்படவே மாட்டடா!" என்று கத்தினால் தூக்க வேண்டும். "நாசமாப் போ!" என்றால் முன்னே நகர வேண்டும். "விளங்காத பயலே!" என்றால் அப்படியே நிறுத்த வேண்டும். "உன் குடும்பம் பாழாப் போக!" என்றால் இடப்பக்கம் சாய்க்க வேண்டும். வலப்பக்கத்துக்கு உள்ளதை விட்டுவிடுவோம். அவர் குரல் வராமல் ஒரு விரற்கடைகூட யாரும் நகரக் கூடாது என்பது கட்டளை. பல வருஷம் திட்டித் திட்டிப் பழக்கியது.

அப்படிப்பட்ட ஆட்கள் ஒரு பெரிய சோபாவோடு இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்கும்போது, கீழேயிருந்து மேஸ்திரி மெல்லிய குரலில் சொன்னார்: "தம்பிகளா, கொஞ்சம் தூக்குங்க, பார்க்கலாம்."

சோபா அசையவில்லை.

"மேஸ்திரி," என்றான் நெட்டை, நடுங்கிப்போய். "யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகலப்பா. தூக்குங்க, ராசா."

ராசா என்றதும் குண்டு சோபாவை விட்டுவிட்டான். தன்னை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. சோபா திருப்பத்தில் குறுக்கே போய்ச் செருகிக்கொண்டது. மேலே இருக்கிறவர்களால் இறங்க முடியவில்லை, கீழே இருக்கிறவர்களால் ஏற முடியவில்லை. மச்சினன் சோபாவின் மேலேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. மரியாதையாப் பேசறாரு. எனக்குப் பயமா இருக்கு."

அந்த வாரம் எடுத்த வேலை எதுவும் ஒழுங்காக முடியவில்லை. ஆனால் மேஸ்திரியை உலுக்கியது அதில்லை. குழந்தை மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரே ஒரு வார்த்தையும் போய்விட்டது. அப்பா டம்ளரைக் காட்டினார், அவளும் டம்ளரைக் காட்டினாள். அப்பா தலையை ஆட்டினார், அவளும் ஆட்டினாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மனைவி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உள்ளே போய்விட்டாள். இதற்கு அந்த 'நாசமாப் போ'வே தேவலாம் போலிருந்தது மேஸ்திரிக்கு. திரும்ப ஒரு தடவை சொல்லிக் காட்டலாமா என்றுகூட நாக்கு துறுதுறுத்தது. நேரே போதகரிடம் ஓடினார்.

போதகர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மேஸ்திரி வாசலில் நின்றபடியே பொரிந்து தள்ளினார். "பாஸ்டர், நான் பொருத்தனை பண்ணினபடி யாரையும் சபிக்கல. ஒண்ணுமே சொல்லல. ஆனா பொண்ணு பேச்சு நின்னு போச்சே! ஆண்டவர் இப்படிச் செய்யலாமா?"

"ஆண்டவர் என்னப்பா செஞ்சாரு? நீங்க சும்மா இருந்தீங்க, பிள்ளையும் சும்மா இருக்கு." போதகர் கையிலிருந்த தட்டைக் காட்டினார். "இதைக் கழுவிக் கவுத்து வச்சுட்டேன். சுத்தமாத்தான் இருக்கு. யாருக்காவது இதனால பசி போகுமா? ஏதாவது போடணும்ல. சபிக்காம இருந்தா மட்டும் போதாது. ஆசீர்வதிக்கணும்."

"எனக்கு அந்தப் பெரிய வார்த்தையெல்லாம் வராதே, பாஸ்டர்."

"தெரிஞ்ச வார்த்தையில சொல்லுங்க. அப்புறம் ஒரு விஷயம். வர்ற சனிக்கிழமை நான் வீடு மாத்தறேன். நீங்கதான் வந்து இறக்கித் தரணும்."

தெரிந்த வார்த்தையா? அன்று மேஸ்திரி குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தெரிந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் சாபம். சட்டை உள்பக்கம் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வோம்? கையை விட்டுத் திருப்ப மாட்டோமா? அதையே செய்தார். உருப்படவே மாட்டடா என்பதைத் திருப்பினார்: "உருப்படுவடா!" விளங்காத பயலே: "விளங்குவடா பயலே!" நாசமாப் போ: "நல்லாப் போ!" உன் குடும்பம் பாழாப் போக என்பதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "உன் குடும்பம் தழைக்க!" வார்த்தை திரும்பிவிட்டது, மூஞ்சி திரும்பவில்லை. கண்ணாடியில் கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, விரலை ஆட்டி, கொலைகாரன் மாதிரி ஒருத்தன் அவரை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தான்.

ஆட்களுக்குக் காலிக் கட்டில் ஒன்றை வைத்துப் பயிற்சி கொடுத்தார். முதல் நாள் அவர்கள் சிரித்துச் சிரித்துக் கட்டிலைக் கீழே போட்டார்கள். இரண்டாம் நாள் பாதி சிரித்தார்கள். அடுத்த வேலையிலேயே ஓர் அலமாரியை முழுக்க ஆசீர்வாதத்திலேயே இறக்கிவிட்டார்கள். "உருப்படுவடா! உருப்படுவடா! உன் குடும்பம் தழைக்க! இன்னும் தழைக்க! போதும், விளங்குவடா பயலே!" என்று படிக்கட்டு அதிர்ந்தது. நடுமாடியில் ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "எனக்கும் ஒண்ணு சொல்லுப்பா, உடம்பே சரியில்ல," என்று கேட்டார். மேஸ்திரி கொடுத்தார். மனுஷன் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

இதில் மேஸ்திரி எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நாள் முழுக்க ஒருத்தனைப் பார்த்து உருப்படுவடா, உருப்படுவடா என்று கத்திக்கொண்டே இருந்தால், சாயங்காலத்தில் அவன் உருப்பட்டுவிடுவானோ என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. மச்சினனை அவர் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. பையனுக்குக் கயிறு கட்டுகிற கை நல்ல கை என்பதே அந்த வாரம்தான் அவர் கண்ணில் பட்டது. லாரியில் திரும்பும்போது, "முடிச்சு நல்லாப் போட்ட, மாப்ளே," என்று சொல்லியும்விட்டார். மச்சினன் மறுபடி அக்காவுக்குப் போன் போட்டான்.

வீட்டிலும் விடாமல் ஆசீர்வதித்தார். கதவை, டம்ளரை, மனைவியை, பல்துலக்கும் பிரஷ்ஷை எல்லாம் ஆசீர்வதித்தார். குழந்தை கண் கொட்டாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் மட்டும் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் மேஸ்திரி அவள் பக்கத்தில் படுத்து, ஆண்டவரே, அந்த ஒரே வார்த்தையையும் நான்தானே பிடுங்கிவிட்டேன் என்று மனசுக்குள் அழுதார்.

சனிக்கிழமை போதகர் வீட்டில் பாதிச் சபை கூடியிருந்தது. மூட்டை கட்ட மேஸ்திரியின் மனைவியும் குழந்தையோடு வந்திருந்தாள். எல்லாம் இறங்கிவிட்டது, இரும்பு பீரோ ஒன்றுதான் பாக்கி.

"காலி பண்ணிட்டீங்களா பாஸ்டர்?"

"பண்ணிட்டேன். அடித்தட்டுல மட்டும் நாலு பேப்பர் கிடக்கு."

நாலு பேப்பராம். அவர் ஊழியத்துக்கு வந்த நாள் முதல் பிரசங்கித்த அத்தனை பிரசங்கமும் கட்டுக் கட்டாக அந்த அடித்தட்டில் இருந்தது. கோபத்தைப் பற்றி, நாவடக்கத்தைப் பற்றி, சத்துருவை நேசிப்பதைப் பற்றி. ஆண்டவருடைய ஊழியக்காரர்களுக்கு எடை மட்டும் தெரிவதே இல்லை.

படிக்கட்டுத் திருப்பம் வரை பீரோ ஒழுங்காகத்தான் வந்தது. அங்கே சாய்த்தபோது உள்ளே பிரசங்கம் முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்தது. பெல்ட் வழுக்கியது. பீரோவின் கால் ஒன்று மேஸ்திரியின் வலது கால் கட்டைவிரல் மேல் வந்து உட்கார்ந்தது.

மேலே மூன்று பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. குரல் வராமல் ஒரு விரற்கடை நகரக் கூடாது. மேஸ்திரி பழக்கிய ஆட்கள் ஆயிற்றே, நகர்வார்களா!

"மாமா, சொல்லுங்க மாமா! என்ன செய்யணும்?"

மேஸ்திரிக்குக் கண் இருட்டியது. வயிற்றுக்குள்ளிருந்து வரிசையாக ஏறி வந்தது. மச்சினன் பரம்பரைக்கு ஒன்று, பெல்ட் செய்தவனுக்கு ஒன்று, போதகரின் நாலு பேப்பருக்கு ஒன்று. ஒன்றைவிட ஒன்று அருமையான சரக்கு. தொண்டையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பழைய வார்த்தை ஒன்று போட்டால் போதும், பையன்கள் பழக்கத்தில் உடனே தூக்கிவிடுவார்கள். வாயைத் திறந்தார்.

நாலு படி கீழே குழந்தை நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி பிஸ்கட். வழக்கம்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வாயையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. இப்போது என்ன சொன்னாலும் அது நேரே அங்கேதான் போகும். மேஸ்திரிக்கு அது வலியைவிடத் தெளிவாகத் தெரிந்தது. வந்ததையெல்லாம் விழுங்கினார். கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி மூஞ்சி கோணிக்கொண்டு போனது.

"உருப்... படுவடா... மாப்ளே..."

காற்றுதான் வந்தது. வலியில் குரல் செத்துவிட்டது. மேலே யாருக்கும் கேட்கவில்லை.

"மாமா? கேக்கல மாமா!"

"நல்லா... இருப்ப... உருப்படுவ..." உதடு மட்டும் அசைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

குழந்தை பிஸ்கட்டைக் கீழே போட்டாள். நெஞ்சை நிமிர்த்தினாள். கண்ணை உருட்டி, விரலை மேலே ஆட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள்.

"உருப்படுவடாஆஆ!"

மூன்று பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். பீரோ ஒரு சாண் மேலே போனது. மேஸ்திரி காலை உருவிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். மேஸ்திரிக்குத் திடீரென்று ஜலதோஷம் பிடித்துக் குரல் கீச்சென்று மாறிவிட்டது என்றுதான் மேலே இருந்தவர்கள் நினைத்தார்களாம், பிறகு சொன்னார்கள். குழந்தை அதோடு விடவில்லை. "விளங்குவடா பயலே!" என்றாள். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

மேஸ்திரி கேவிக் கேவி அழுதார். கால் வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று சபையார் அனுதாபப்பட்டார்கள். மனைவிக்குத் தெரியும். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். போதகர் பீரோவைத் திறந்து கட்டுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டே, "நாலு பேப்பர்தான்னு நினைச்சேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். குழந்தையின் வாய் திறந்த குழாய் மாதிரி மூடவே இல்லை. வாசற்காவலருக்கு "நல்லாப் போ" சொன்னாள். நர்ஸுக்கு "உன் குடும்பம் தழைக்க" சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வரும்போது வரும் என்று சொன்ன அதே டாக்டர் எட்டிப் பார்த்தார், அவருக்கு "உருப்படுவடா" கிடைத்தது. டாக்டருக்கு அது தேவையாகத்தான் இருந்தது. சக்கர நாற்காலிக்கு இரண்டு தடவை கிடைத்தது.

மேஸ்திரி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு மட்டும் வரவில்லை. ஊர்ப்பட்ட சாமானுக்கெல்லாம் வந்துவிட்டது. கேட்டு வாங்குவதா என்று ஒரு பக்கம் வெட்கம். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டே விட்டார்.

"கண்ணு, எல்லாருக்கும் சொல்றியே. எனக்கு ஒண்ணும் இல்லையா?"

குழந்தை கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணை உருட்டவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த ராகம் எதுவும் அதில் இல்லை. அவளுடைய சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்று அப்போதுதான் அவர்கள் இரண்டு பேரும் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

"அப்பா," என்றாள். "நல்லா இருடா."

"ஐயையோ, அப்பாவை 'டா' போடக் கூடாது, தங்கம்," என்று மனைவி பதறினாள்.

"விடு, விடு, திருத்தாத," என்றார் மேஸ்திரி. குழந்தையை இழுத்து மார்பில் போட்டுக்கொண்டார். "அப்படியே இருக்கட்டும். நான் நல்லா இருந்துக்கறேன்."